சி என்பது யாருடைய வேகம்?

தண்ணீரில் ஒளியின் வேகம் குறைகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். டம்ளரில் போட்ட ஸ்பூன் நீர்மட்டத்தில் முறிந்தாற்போல் தெரிவது அதனால்தான். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, தண்ணீருக்குள் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர்தான் போகிறது. நான்கில் மூன்று பங்கு. இப்போது, இயற்பியலே படிக்காதவருக்கும் தெரிந்த அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: ஈ ஈக்குவல் டு எம்சி ஸ்கொயர். ஈ ஆற்றல், எம் நிறை, சி ஒளியின் வேகம். அப்படியானால் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் யுரேனியத்துக்கு இந்தக் கணக்கு எப்படிப் போகும்? சி நான்கில் மூன்றாகக் குறைந்தால் சி ஸ்கொயர் பதினாறில் ஒன்பதாக வேண்டும். அதே யுரேனியம் வெளியே இருந்தால் முழுக் கூலி, தண்ணீரில் இறங்கினால் பாதிக்குச் சற்று மேல் என்றாகிவிடும்.

அப்படி நடப்பதில்லை. உலகில் ஓடும் அணு உலைகளில் பெரும்பாலானவற்றில் எரிபொருள் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தால் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரும். சுற்றிலும் தண்ணீர் என்பதற்காக அதில் ஒன்றும் பிடித்தம் செய்யப்படுவதில்லை.

இதைவிட வேடிக்கை, பயன்படுத்திய எரிபொருளைக் குளிரவைக்கும் தொட்டியில் தெரியும் நீல ஒளி. கதிர்வீச்சால் உதைபட்டுக் கிளம்பும் எலக்ட்ரான்கள், அந்தத் தண்ணீரில் ஒளி போகும் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடுகின்றன. படகு தன் அலையை முந்தும்போது பின்னால் ஆப்பு வடிவில் அலை எழுவதுபோல், ஒளியை முந்தும் எலக்ட்ரானுக்குப் பின்னால் நீல ஒளி எழுகிறது. 1934இல் சோவியத் ஒன்றியத்தின் பாவெல் செரன்கோவ் இதை விவரித்தார். 1958இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, அந்தத் தொட்டிக்குள் ஒளி பின்தங்குகிறது, எலக்ட்ரான் அதை முந்துகிறது, சூத்திரத்தில் இருக்கும் சி மட்டும் இம்மியும் அசையாமல் நிற்கிறது.

'வெற்றிடத்தில் ஒளியின் வேகம் என்று சொல்லுங்கள்' என்று ஆசிரியர் திருத்துவார். திருத்தம் சரிதான். ஆனால் அது பதிலாகிவிடாது. இருட்டறையில் ஒரு கல் கிடக்கிறது. அதன் மேல் ஒளி படவில்லை, அதிலிருந்து ஒளி கிளம்பவும் இல்லை. அந்தக் கல்லின் நிறைக்குள் எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால், எங்கோ வெற்றிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒளியின் வேகத்தை எதற்காகக் கணக்கில் இழுக்க வேண்டும்? பள்ளி அறிவியல் கண்காட்சி ஒன்றில், ஒரு பந்து ஒளிவேகத்தில் பறந்து போய் ஆற்றலாகச் சிதறுவதாக வரைந்து மாட்டியிருந்த அட்டையை நான் ஒருமுறை பார்த்தேன். வரைந்த பிள்ளைமேல் தப்பில்லை. சூத்திரத்தில் ஒரு வேகம் இருந்தால் ஏதோ ஒன்று அந்த வேகத்தில் ஓடியாக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எதுவும் ஓட வேண்டியதில்லை. சி ஒளிக்குச் சொந்தமானதும் இல்லை. இடத்தை ஓர் அளவையாலும் காலத்தை வேறோர் அளவையாலும் அளந்து பழகிய நாம், அவற்றுக்கு நடுவே வைத்துக்கொண்டிருக்கும் மாற்று விகிதம் அது. நிறையில்லாத எதுவும் அந்த விகிதப்படிதான் போக முடியும். ஒளிக்கு நிறையில்லை, அதனால் அப்படிப் போகிறது. நம் கண்ணில் முதலில் பட்டது ஒளி என்பதால் பெயர் அதற்குப் போய்விட்டது.

இத்தனைக்கும், சி என்ற எழுத்து ஒளியிடமிருந்து வரவே இல்லை. 1856இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வேபரும் ருடால்ஃப் கோல்ராவுஷும் ஒரு மின் பரிசோதனையை முடித்து வெளியிட்டார்கள். லேடன் ஜாடி என்பது உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிப் பாத்திரம். அந்தக் காலத்தில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்க அதுதான் கருவி. ஜாடியில் சேர்த்த மின்னூட்டத்தை அவர்கள் இரண்டு விதமாக அளந்தார்கள். முதலில், அசையாமல் இருக்கும்போது ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று பார்த்தார்கள். பிறகு அதைக் கம்பிவழியே பாயவிட்டு, கால்வனாமீட்டரின் காந்தம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார்கள். ஒரே மின்னூட்டத்துக்கு இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்றை மற்றதால் வகுத்தால் வரும் ஈவு, அலகைப் பார்த்தால் ஒரு வேகம்! இன்றைய அளவில் நொடிக்கு 3 லட்சத்து 10 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். வேபர் தன் மின்விசை விதியை எழுதிய முறையில் இதைவிட ரூட் 2 மடங்கு பெரிய எண் வந்தது. அந்த மாறிலிக்கு அவர் வைத்த எழுத்துதான் சி. ரூட் 2 மறைத்ததாலோ என்னவோ, தங்கள் கையில் இருப்பது என்ன என்று அவர்கள் கவனிக்கவில்லை.

கவனித்தவர் மேக்ஸ்வெல். 1861 கோடையில் ஸ்காட்லாந்தில் தன் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து, மின்காந்த அலை ஒன்று எழுந்தால் அது என்ன வேகத்தில் பரவும் என்று கணக்குப் போட்டார். வேபரும் கோல்ராவுஷும் தந்த எண்ணைப் போட்டுப் பார்க்க லண்டன் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போட்டதும், 1849இல் பாரிஸ் அருகே ஃபிசோ பற்சக்கரத்தைச் சுழற்றி அளந்த ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு விளக்கும் ஏற்றாமல், ஒரு கண்ணாடி வில்லையும் தொடாமல், ஜாடியும் காந்தமும் வைத்து எடுத்த எண். ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. ஒளியின் வேகத்துக்கே சி என்ற எழுத்தை 1894இல் பால் டிரூட் பயன்படுத்தினார். 1905இல்கூட ஐன்ஸ்டீன் வி என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்.

1905 என்றதும் நினைவுக்கு வருவது ஜூன் மாதம் அவர் அனுப்பிய நீண்ட சார்பியல் கட்டுரை. நம் சூத்திரம் அதில் இல்லை. செப்டம்பரில், விட்டுப்போன ஒன்றைச் சேர்ப்பதுபோல் மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். தலைப்பே ஒரு கேள்வி: ஒரு பொருளின் நிலைமம் அதனுள் இருக்கும் ஆற்றலைப் பொறுத்ததா? எல் அளவு ஆற்றலைக் கதிர்வீச்சாக விட்ட பொருளின் நிறை, எல்லை வி ஸ்கொயரால் வகுத்த அளவுக்குக் குறைகிறது என்று அதில் முடிவு சொல்லியிருந்தார். ஈயும் இல்லை, எம்மும் இல்லை, சியும் இல்லை. பெருக்கலாக நாம் மனப்பாடம் செய்திருப்பது அங்கே வகுத்தலாக இருக்கிறது. பெருக்கலாக எழுதினால் ஒரு சிட்டிகைப் பொருளில் எவ்வளவு ஆற்றல் என்ற பிரமிப்பு முன்னால் வந்து நிற்கும். வகுத்தலாக எழுதினால் ஆற்றலுக்கும் எடை உண்டு என்பது முன்னால் நிற்கும். அவர் கேட்ட கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

சி ஏன் இரண்டு முறை வருகிறது என்பதைச் சூத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. வழியைக் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும். 1946இல் ஐன்ஸ்டீன் எளிதாக்கித் தந்த ஒரு வழியை ஒட்டிப் போகலாம். கணக்கு தெரிந்தவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டுவிடலாம், போடாதவரும் தொடரலாம்.

வெற்றிடத்தில் ஒரு பொருள் அசையாமல் மிதக்கிறது. ஒரே சமயத்தில் இடப்பக்கம் ஒரு மின்னல், வலப்பக்கம் ஒரு மின்னல் விடுகிறது. இரண்டும் சமம்; இரண்டிலும் சேர்த்து மொத்த ஆற்றல் ஈ. இரண்டு பக்கமும் ஒரே அளவு உதை என்பதால் பொருள் நகராமல் அப்படியே நிற்கிறது. இதே காட்சியை, மெதுவாகக் கீழ்நோக்கிப் போகும் ஒரு லிஃப்டிலிருந்து பார்க்கிறோம். நமக்குப் பொருள் மேல்நோக்கிப் போவதாகத் தெரியும். மின்னல்களும் நேர் கிடையாகப் போகாமல் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து போகும். செங்குத்தாகப் பெய்யும் மழை, வண்டி ஓட்டுபவர் முகத்தில் சாய்ந்து வந்து அடிக்கிறதே, அதே சாய்வு. ஒளியிலும் இந்தச் சாய்வு உண்டென்று 1728இலேயே தெரியும்: பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுவதால் விண்மீன்கள் தங்கள் இடத்திலிருந்து சுமார் 20 விநாடிக் கோணம் விலகித் தெரிவதை இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிராட்லி கண்டுபிடித்திருந்தார். சாய்வு எவ்வளவு? நம் வேகத்தைச் சியால் வகுத்த அளவு. இங்கே ஒரு சி.

அடுத்து, ஒளிக்கு உந்தம் உண்டு. அது பட்ட இடத்தைத் தள்ளும். எவ்வளவு என்றால், ஆற்றலைச் சியால் வகுத்த அளவு. மேக்ஸ்வெல் கணக்கில் சொன்னார், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்கோவில் லெபெடெவ் அளந்து காட்டினார். இங்கே இன்னொரு சி.

இப்போது சேர்ப்போம். லிஃப்டிலிருந்து பார்ப்பவருக்கு, சாய்ந்து போகும் இரண்டு மின்னல்களும் கொஞ்சம் மேல்நோக்கிய உந்தத்தை எடுத்துக்கொண்டு போகின்றன. அந்த உந்தம் பொருளிடமிருந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் பொருளின் வேகம் மாறவே இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது, நாம்தான் கீழே போகிறோம். உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்குவது. வேகம் குறையாமல் உந்தம் மட்டும் குறைந்தால், குறைந்தது நிறை. எவ்வளவு? ஆற்றலை ஒரு முறை சியால் வகுத்தது ஒளியின் உந்தத்துக்காக, இன்னொரு முறை வகுத்தது சாய்வுக்காக. ஆக, ஈயைச் சி ஸ்கொயரால் வகுத்த அளவு. ஸ்கொயர் வந்தது இப்படித்தான். எந்தப் பொருளும் ஒளிவேகத்தின் வர்க்கத்தில் பறக்கவில்லை. அப்படி ஒரு வேகமே கிடையாது. வேகத்தின் வர்க்கம் வேகமாகாது, சதுர அடி நீளமாகாததுபோல.

'இதில் ஒளிதானே வந்தது, பிறகெப்படி ஒளிக்குச் சம்பந்தமில்லை என்கிறீர்கள்?' என்று வாசகர் மடக்கலாம். நியாயமான மடக்கு. ஐன்ஸ்டீனுக்கே இது உறுத்தியிருக்கிறது. வெளியேறும் ஆற்றல் கதிர்வீச்சாக இருப்பது முக்கியமில்லை என்று 1905 கட்டுரையிலேயே குறிப்பிட்டுவிட்டார். 1934 டிசம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கிப்ஸ் நினைவுச் சொற்பொழிவு ஆற்றியபோது, மேக்ஸ்வெல் கோட்பாட்டைத் தொடாமல், துகள்கள் மோதிக்கொள்வதை மட்டும் வைத்து அதே முடிவுக்கு வந்து காட்டினார். 1905இல் ஒளி ஏறிச் செல்ல உதவிய ஏணி. மாடிக்குப் போன பிறகு ஏணியை எடுத்துவிடலாம் என்பதை, 29 ஆண்டுகள் கழித்து அவரே எடுத்துக் காட்டினார்.

ஏணியை இன்னும் முன்பே எடுத்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1910இல் விளாடிமிர் இக்னாடோவ்ஸ்கி, ஒளியைப் பற்றி எந்த அனுமானமும் செய்யாமல் தொடங்கினார். சீராக ஓடும் எல்லாப் பார்வையாளருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே, இடத்தில் எந்தப் புள்ளிக்கும் எந்தத் திசைக்கும் தனிச்சலுகை இல்லை, இவ்வளவுதான் முதல். கடைசியில் இரண்டே வாய்ப்புகள் மிஞ்சின. ஒன்று, வேகத்துக்கு உச்சவரம்பே இல்லாத நியூட்டனின் உலகம். இன்னொன்று, எல்லோருக்கும் பொதுவான ஓர் உச்சவரம்பு உள்ள உலகம். அந்த வரம்பு எவ்வளவு என்பதைக் கணிதம் சொல்லாது, அளந்துதான் பார்க்க வேண்டும். இக்னாடோவ்ஸ்கியின் கட்டுரையைப் பாடப்புத்தகங்கள் ஏன் ஓரங்கட்டின என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். மாணவர்களின் குழப்பத்தில் பாதி, ஒளியை வாசற்படியில் நிறுத்திப் பாடத்தைத் தொடங்குவதால் வருவது.

வரம்பை அளக்கவும் ஒளி தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் வில்லியம் பெர்டோசி எலக்ட்ரான்களை வைத்தே அளந்தார். முடுக்கியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் கொத்து 8.4 மீட்டர் குழாயைக் கடந்து ஓர் அலுமினியத் தகட்டில் மோதும். கிளம்பிய நேரத்தையும் மோதிய நேரத்தையும் அலைக்காட்டியின் திரையில் இரண்டு கூர்முனைகளாகப் பார்க்கலாம். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு போன எலக்ட்ரான் 30.8 நானோ நொடியில் கடந்தது. ஆற்றலை 15 மடங்காக்கினார். நியூட்டன் கணக்குப்படி அது சியைப்போல் ஏழரை மடங்குக்கும் அதிகமான வேகத்தில், 4 நானோ நொடிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டது 28 நானோ நொடி. ஆற்றல் வழியில் எங்காவது ஒழுகிவிட்டதோ என்ற சந்தேகமும் வரக்கூடாதென்று, மோதிய தகடு எவ்வளவு சூடேறியது என்பதையும் அளந்து பார்த்தார். கொடுத்த ஆற்றல் தகட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேகம்தான் கூட மறுத்தது. எலக்ட்ரானுக்கு ஒளியோடு போட்டியில்லை, அந்தக் குழாயில் அதற்கு முன்னால் ஒளி எதுவும் ஓடவும் இல்லை. ஆனாலும் அதே சுவரில் போய் முட்டி நின்றது.

2017 ஆகஸ்ட் 17 அன்று இதற்கு விண்ணிலிருந்து ஒரு சாட்சி வந்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலில் எழுந்த ஈர்ப்பலை லைகோ, விர்கோ கருவிகளை உலுக்கியது, 1.7 நொடி கழித்து அதே மோதலின் காமா கதிர் ஒரு செயற்கைக்கோளில் பதிவானது. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் 1.7 நொடி. அந்த இடைவெளியும் மூலத்திலேயே காமா கதிர் தாமதமாகக் கிளம்பியதால் இருக்கலாம். ஈர்ப்பலை என்பது ஒளியின் உறவினர் இல்லை. அது இடமும் காலமும் நெளிவது. அதுவும் சியில்தான் போகிறது. நியாயமாகப் பார்த்தால் சியை ஈர்ப்பின் வேகம் என்றும் அழைத்திருக்கலாம், ஆள் முந்திக்கொண்டதுதான் வித்தியாசம். நாளை யாராவது ஃபோட்டானுக்குத் துளி நிறை உண்டு என்று நிரூபித்துவிட்டால் ஒளி சிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அப்போதும் சூத்திரத்தில் எதையும் தொட வேண்டியிருக்காது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்று விகிதம் என்றேனே, அதற்கு வருகிறேன். பழைய தமிழில் நாழிகை வழி என்று ஒரு தூர அளவு உண்டு. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் கடக்கும் தூரம். ஏறக்குறைய ஒன்றரை மைல். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்றால் 'மூணு நாழிகை வழி' என்று பதில் வரும். தூரத்தைக் காலத்தாலேயே சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒளிந்திருப்பது நடைவேகம். இந்த அளவையின் ஒரே குறை, எல்லோருடைய நடையும் ஒன்றில்லை என்பது: பாட்டியின் நாழிகை வழி வேறு, தபால்காரரின் நாழிகை வழி வேறு. யார் பார்த்தாலும், எங்கிருந்து பார்த்தாலும் மாறாத ஒரு நடை இருந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். அந்த நடைதான் சி. ஒளியாண்டு என்று வானியலார் சொல்வது நாழிகை வழியின் பேரப்பிள்ளைதான்.

இந்த அளவையில் சியின் மதிப்பு என்ன? ஒரு நாழிகைக்கு ஒரு நாழிகை வழி. அதாவது 1. அதன் வர்க்கமும் 1. சூத்திரம் ஈ ஈக்குவல் டு எம் என்று சுருங்கிவிடுகிறது. துகள் இயற்பியலாளர்கள் அன்றாடம் பேசுவதே இப்படித்தான். புரோட்டானின் நிறை எவ்வளவு என்று கேட்டால் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பார்கள். ஆற்றலின் அலகு அது, நிறைக்கும் அதையே சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

இப்படி ஒரு மாறிலி கரைந்துபோவது இயற்பியலில் முதல் தடவை இல்லை. 1840களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல், எடைக்கற்களைக் கீழே இறக்கி அவற்றால் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றித் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். ஒரு கலோரி வெப்பத்துக்கு இன்றைய அலகில் சுமார் 4.2 ஜூல் வேலை. வெப்பத்தின் இயந்திரச் சமானம் என்ற கனமான பெயரோடு அந்த எண்ணைப் பல்லாண்டுகள் பல நாடுகளில் மேலும் மேலும் துல்லியமாக அளந்தார்கள். வெப்பமும் வேலையும் ஒன்றே என்பது மனத்தில் படிந்தபின், 1948இல் எடைகள் அளவைகள் பொது மாநாடு வெப்பத்துக்கும் ஜூலையே அலகாக்கியது. இயற்கையின் ரகசியம் போலிருந்த எண் இன்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் கலோரியை மாற்றிப் போட உதவுகிறது. சி ஸ்கொயர் நிறைக்கும் ஆற்றலுக்கும் நடுவே அதே இடத்தில் இருக்கிறது.

சிக்கு அந்தக் கதி 1983இல் வந்தது. அதற்கு 11 ஆண்டுகள் முன் அமெரிக்காவின் போல்டரில் லேசர் கொண்டு அளந்தபோது பிழை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதற்குமேல் அளக்க, மீட்டர் என்பதன் வரையறையே போதுமான நுட்பத்தோடு இல்லை. எனவே தலைகீழாக்கினார்கள்: சி என்பது நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிலைநிறுத்திவிட்டு, நொடியை அந்த எண்ணால் வகுத்த நேரத்தில் ஒளி போகும் தூரம்தான் மீட்டர் என்றார்கள். அதற்குப் பிறகு சியை யாராலும் அளக்க முடியாது. அளக்கப்போனால் கையிலிருக்கும் அளவுகோல் சரியா என்றுதான் தெரியவரும். பூமியின் துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே கோடியில் ஒரு பங்கு என்று மீட்டரைத் தீர்மானித்த பிரெஞ்சுக்காரர்கள் அதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஏழு பங்கு குட்டையாக வெட்டியிருந்தால் சி சரியாக 30 கோடி மீட்டராக இருந்திருக்கும். பிளஸ் டூ மாணவர்கள் வாழ்த்தியிருப்பார்கள்.

அப்படியானால் சி வெறும் நம் கற்பனையா? இங்கே அவசரப்படக்கூடாது. எண் நம்முடையது, அப்படி ஒரு வரம்பு இருப்பது நம் கையில் இல்லை. இக்னாடோவ்ஸ்கியின் இரண்டு உலகங்களில் இயற்கை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதோடு, சி ஏன் இவ்வளவு பெரியதாகத் தெரிகிறது என்ற கேள்விக்கும் அலகு மட்டும் பதிலாகாது. ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானின் வேகம் ஏறத்தாழ சியில் 137இல் ஒரு பங்கு. இந்த 137 எந்த அளவுகோலையும் சார்ந்ததில்லை. அதன் வர்க்கம் சுமார் 19 ஆயிரம். வேதிப்பிணைப்பின் ஆற்றல் எலக்ட்ரானின் நிறை ஆற்றலோடு ஒப்பிட்டால் அந்த அளவுக்கும் கீழே சிறுத்துவிடுகிறது. எலக்ட்ரானோ அணுவின் நிறையில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், எரிதல், செரித்தல், வெடித்தல் என்று நாம் அறிந்த எல்லா வேதிவினையும் நிறையில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கைவைக்க முடிகிறது. சி பெரியது என்பதைவிட, நாம் செய்யப்பட்டிருக்கும் பொருள் மந்தமானது என்பதே சரி.

வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதாக எரிந்து தீர்ந்தால் வரும் வெப்பம் ஏறக்குறைய 65 கோடி ஜூல். அதைச் சி ஸ்கொயரால் வகுத்தால் சுமார் 7 மைக்ரோகிராம். எரிவாயுவும் அது எரியத் தேவைப்பட்ட ஆக்சிஜனுமாக 65 கிலோவுக்குக் குறையாத பொருளில் 7 மைக்ரோகிராம் குறைகிறது. வேதிவினையில் நிறை மாறாது என்று லவாய்சியே சொன்னது நூறாண்டுக்கு மேல் அசையாமல் நின்றதற்கு இதுதான் காரணம். அசைவைக் காட்டும் தராசு இல்லை. ஐன்ஸ்டீன் தன் முடிவைச் சோதிக்க ரேடியம் உப்பைப் பார்க்கலாமே என்றார். ஒரு கிராம் ரேடியம் மணிக்குச் சுமார் 100 கலோரி விடுகிறது என்று 1903இல் பியர் கியூரியும் அல்பேர் லபோர்டும் அளந்திருந்தார்கள். ஓராண்டு முழுவதும் விட்டாலும் அந்த வெப்பத்தின் எடை ஒரு மைக்ரோகிராமில் 25இல் ஒரு பங்கு. யோசனை நல்லது, தராசுதான் இல்லை. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் புரோட்டானால் லித்தியத்தை உடைத்த பிறகுதான் கணக்கைச் சரிபார்க்க வழி பிறந்தது.

அணுக்கருவுக்குள் ஆட்டம் வேறு. அங்கே துகள்களைப் பிணைக்கும் விசை பலமானது. நிறையில் ஆயிரத்தில் சில பங்கு வரை கைமாறும். நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9 அன்று வெடித்த குண்டின் ஆற்றலுக்கு ஈடான நிறை சுமார் ஒரு கிராம். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அலகு ஒன்று 25 மணி நேரம் இடைவிடாமல் ஓடித் தரும் மின்சாரமும் அதே ஒரு கிராம்தான். சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 42 லட்சம் டன் வீதம் இளைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றைச் சொல்லும்போதெல்லாம் 'நிறை ஆற்றலாக மாறுகிறது' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உவப்பாக இல்லை. அரிசி மாவாக மாறினால் அரிசி போய்விட்டது என்று பொருள். இங்கே எதுவும் போகவில்லை. வெடித்த குண்டின் வெப்பம், ஒளி, சிதறல் எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டிக்குள் தப்பவிடாமல் அடைத்து நிறுத்தால் ஒரு கிராமும் குறைந்திருக்காது. வெளியே கிளம்பிப் போனால்தான் குறையும், போன இடத்தில் அந்த ஒரு கிராம் கூடும். கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், உறைநிலையில் இருந்த அதே தண்ணீரைவிட 4.7 நானோகிராம் கனம். இதன் உச்சம் நம் உடம்பிலேயே இருக்கிறது. புரோட்டானின் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில், அதனுள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் 9 அல்லது 10தான் தேறும். மிச்சம் 99 விழுக்காடு, குவார்க்குகள் உள்ளே அலைந்து திரிவதும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலமுமாக இருக்கும் ஆற்றல். தராசில் ஏறி நின்றால் முள் காட்டுவதில் பெரும்பங்கு, அடைபட்டுக் கிடக்கும் ஓட்டத்தின் எடை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நிறைக்கும் ஆற்றலுக்கும் நடுவே இருக்கும் சியும், வெற்றிடத்தில் ஒளி உண்மையில் ஓடும் வேகமும் ஒன்றேதான் என்பதை யாராவது நேரில் ஒத்துப்பார்த்திருக்கிறார்களா? 2005இல் பார்த்தார்கள்.

கந்தகம் 32 என்ற ஐசோடோப்பு ஒரு நியூட்ரானை விழுங்கினால் கந்தகம் 33 ஆகும். ஆகும்போது காமா கதிர்களை உமிழும். விழுங்குமுன் இருந்த இரண்டின் நிறையைக் கூட்டினால், விழுங்கியபின் இருப்பதைவிடச் சற்று அதிகம், ஏறக்குறைய பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அந்த வித்தியாசத்தை ஒருபக்கம் நிறுக்க வேண்டும், காமா கதிரின் ஆற்றலை மறுபக்கம் அளக்க வேண்டும். சிலிக்கானிலும் இதேபோல் ஒரு ஜோடி உண்டு.

நிறுக்கும் வேலை எம்ஐடியில். ஒரே ஒரு அயனியைக் காந்தப்புலத்தில் அடைத்துவைத்தால் அது வட்டமிடும். கனமானது மெதுவாகச் சுற்றும். காந்தப்புலம் நேரத்துக்கு நேரம் துளி மாறுவதுதான் தொல்லை. அதனால் ஒப்பிட வேண்டிய இரண்டு அயனிகளையும் ஒரே பொறிக்குள் ஒன்றாகவே விட்டார்கள். புலம் மாறினால் இரண்டுக்கும் சேர்ந்தே மாறட்டும் என்ற யோசனை. ஆயிரம் கோடியில் ஒரு பங்கைவிட நுட்பமாக நிறைகளை ஒப்பிட முடிந்தது. காமா கதிரை அளக்கும் வேலை பிரான்சின் கிரெனோபிள் நகரில், ஓர் ஆய்வு உலையின் அருகே. குறையே இல்லாமல் வளர்த்த சிலிக்கான் படிகத்தில் கதிரைப் பட்டுத் திரும்பவைத்து, திரும்பும் நுண்கோணத்திலிருந்து அலைநீளத்தைக் கணித்தார்கள். அலைநீளத்திலிருந்து ஆற்றலுக்குப் போக ஒளியின் வேகம் ஒருமுறை வேண்டும். அது உண்மையான ஒளி, உண்மையாக ஓடும் வேகம். நிறையிலிருந்து ஆற்றலுக்குப் போக, பொறிக்குள் சுற்றிக்கொண்டிருந்த அந்த அயனிகளுக்குச் சி ஸ்கொயர் வேண்டும். இரண்டு ஊர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஒரு கோடியில் நான்கு பங்கு என்ற அளவீட்டுப் பிழைக்குள் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.